ராக்காயி அக்காவின் நீலச் சுவர்

தீபாவளி இல்லாத மாதத்தில் வீட்டுக்குச் சாயம் அடிக்கிறவனை நான் நம்ப மாட்டேன். மலேசியாவில், இந்தக் கோலா கெத்தில் வட்டாரத்தில் இருபத்தாறு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். நம் ஆட்கள் சுவரைத் தொடுவது தீபாவளிக்கு முந்திய மாதம். சாவு விழுந்த வீடு அந்த வருடம் தொடாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஹாலுக்கு மட்டும் அடிப்பார்கள். இதில் எதுவுமே இல்லாமல் ஒருவன் ரோலரைத் தூக்கினால், அவன் எதையோ மூடுகிறான் என்று பொருள். போன வருடம் விலைக்கு வந்த ஒரு வீட்டில் செங்கல் மாதிரி ஸ்டிக்கர் வாங்கி ஹால் முழுக்க ஒட்டி வைத்திருந்தார்கள். பார்க்க ஜோராக இருந்தது. வாங்க வந்தவர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் ஒரு மூலையை நகத்தால் உரித்துக் காட்டினேன். பின்னால் கூரைத் தண்ணீர் இறங்கிச் சுவரே ஊறிப் போயிருந்தது. விற்கப் பார்த்தவர் என்னை இன்றைக்கும் ரோட்டில் பார்த்தால் முறைப்பார்.

அதனால்தான் மார்ச் மாதம் புவனேசன் போன் செய்தபோது எனக்குச் சுருக்கென்றது. புவனேசன், ராக்காயி அக்காவின் ஒரே மகன். அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் குடும்பத்தோடு இருக்கிறான். அக்கா இங்கே தாமானில், வீடமைப்புக் குடியிருப்பில், தன் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாள்.

"மணியம் அண்ணே, அம்மா வீட்டுக்கு அடிக்கணும். எல்லா ரூமும் வெள்ளை. பளபளப்பு வேணாம், மேட். சுவருக்குக் கீழ ஒரு அடிக்குக் கறுப்புப் பட்டை. கதவு நிலை எல்லாம் கறுப்பு. சுவிட்சைச் சுத்தியும் கறுப்பு. அடுப்படிக்கு இறங்குற படி விளிம்புல மஞ்சள்."

"என்னா தம்பி, வீட்டுக்குச் சொல்றியா, பேக்டரிக்குச் சொல்றியா?"

"வீட்டுக்குத்தான்லா. சொன்ன மாதிரி அடிங்க. அம்மாகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

ஏன் கேட்கக் கூடாது? வெள்ளைச் சுவர், மஞ்சள் படி என்றால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். பக்கத்து தாமான்களில் பேக்டரிக்காரர்கள் வீடு வீடாக வாடகைக்கு எடுத்து வெளிநாட்டு ஆட்களைத் தங்க வைக்கிறார்கள், அஸ்ராமா என்பார்கள். அந்த வீடுகளுக்கு இப்படித்தான் அடிக்கச் சொல்வார்கள். மகன் வீட்டை அஸ்ராமாவுக்கு விடப் போகிறான், அல்லது ஒரேயடியாக விற்கப் போகிறான். கிழவியை எங்கே தள்ளுவான்? மெர்கோங்கில் அவன் வீட்டுப் பின் அறைக்கா? அதுவாவது தருவானா?

ராக்காயி அக்காவைத் தெரியாதவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அவளுக்கும் வெள்ளைச் சுவருக்கும் உள்ள பகையைச் சொன்னால்தான் புரியும்.

அவள் பிறந்தது பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். லயம் என்பது வரிசை வீடு. கம்பெனி கட்டிக் கொடுத்தது. சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, அடியில் முழங்கால் உயரத்துக்குத் தார். மழையில் செம்மண் தெறித்தால் தெரியக் கூடாது என்று தார். அத்தனை வீடும் ஒரே மாதிரி. குடித்துவிட்டு வருகிறவன் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொண்ட கதை எல்லாம் உண்டு.

கல்யாணமாகித் தனி வீடு கிடைத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. துணிக்குப் போடும் நீலத்தைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கிச் சுண்ணாம்பில் கலக்கி, வீட்டின் முன் சுவருக்கு அவளே அடித்தாள். வானம் மாதிரி இருந்ததாம். பெண்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். மறுநாள் கிராணி வந்தான். தோட்டத்து ஆபீஸ் கணக்கன்தான், ஆனால் துரையைவிட அவனுக்குத்தான் கொழுப்பு அதிகம். "இது உங்கப்பன் வீட்டுச் சுவரா?" என்று கேட்டான். அவள் புருஷன் முருகையாவைப் பால்மரக் காட்டிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டு, லயத்துச் சனம் எல்லாம் பார்க்க, அவர் கையாலேயே நீலத்தின் மேல் வெள்ளை அடிக்க வைத்தான். முருகையா அண்ணன் அன்று பொண்டாட்டியிடம் பேசவில்லையாம். இதை அக்கா என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் கிராணியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டாமல் முடிக்க மாட்டாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இருபது வருடத்துக்கு மேல் கழித்து ஒருநாள் கம்பெனி ஆட்கள் லயம் முழுக்கப் புது வெள்ளை அடித்தார்கள், புதுத் தார் பூசினார்கள். தீபாவளிக்கு நாள் கிடக்கிறதே, கம்பெனிக்கு என்ன திடீர்ப் பாசம் என்று சனம் சந்தோஷப்பட்டது. இரண்டு வாரத்தில் காடியில், அதாவது காரில், நாலு பேர் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். அடுத்த மாதம் கடிதம் வந்தது. தோட்டத்தை விற்றாகிவிட்டது, செம்பனை போடப் போகிறார்கள், எல்லாரும் காலி செய்ய வேண்டும். வாங்க வந்தவன் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று அடித்த வெள்ளை அது.

"வெள்ளை அடிச்சான், வெளிய தள்ளுனான்" என்பாள் அக்கா. "வெளுத்ததெல்லாம் பாலுன்னு குடிக்கிறவ நான் இல்லடா மணியம்."

பிறகு சுங்கைப் பட்டாணியில் கையுறைப் பேக்டரியில் நின்றே கால் வீங்க வேலை செய்து, சேமநிதியை எடுத்து, இந்த மலிவு விலை வீட்டை வாங்கினார்கள். முருகையா அண்ணன் அதில் இரண்டு தீபாவளிதான் இருந்தார். முதல் தீபாவளிக்கே அக்கா என்னைக் கூப்பிட்டாள். ஹாலுக்கு வான நீலம். ஆனால் அப்பப்பா, அவள் சந்தேகம்! சாய டின்னைத் திறந்ததும் சாயம் நிற்கிற மட்டத்தில் கரிக்கட்டையால் கோடு போடுவாள், நான் தண்ணீர் கலந்துவிடுவேனாம். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நாள் முழுக்க எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். காய்ந்த சுவரில் எச்சில் விரலால் தேய்த்துப் பார்ப்பாள். "மூணு கோட்டு சொன்னே. ரெண்டுதான் எண்ணினேன்" என்பாள். நடுவில் அவளே வெளியே போயிருந்தபோது அடித்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சத்தியமாகச் சொல்கிறேன், பத்தொன்பது தீபாவளியில் ஒரு தடவைகூட நான் அவளை ஏமாற்றியதில்லை. ஒரு தடவைகூட அவள் என்னை நம்பியதும் இல்லை.

வருடத்துக்கு வருடம் நிறம் ஏறிக்கொண்டே போனது. நீலம் போய்க் கிளிப்பச்சை வந்தது. பச்சை போய் ஆரஞ்சு வந்தது. போன தீபாவளிக்கு ஹாலில் அடித்த ரோஸ் இருக்கிறதே, ரோட்டில் போகிற மோட்டார்காரன் பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுப் போவான். அதற்கும் அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

"வெளிறிப் போய் கெடக்கு. யோகேஸ்வரன் பழைய சரக்கைத் தள்ளிட்டான்."

யோகேஸ்வரன் சாயக் கடைக்காரர். பாவம், மெஷினில் கலக்கிக் கொடுக்கிறவர், அவர் என்ன பழைய சரக்கைக் கொடுப்பார்? அதற்கு முந்திய வருடம் அறைகளுக்குப் போகும் நடையில் மணல் கலந்த சாயம் கேட்டாள், சொரசொரப்பாக. கண்ணாடி மாதிரி வழவழப்பாக அடிக்கச் சொல்லும் ஊரில் இது என்ன என்று கேட்டதற்கு, "கை வச்சா தெரியணும்" என்றாள். அவள் அந்தச் சுவரில் கை வைத்தபடியே நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பேஷனில் கிழவி நம்மை எல்லாம் மிஞ்சிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். கரண்டுக்காரன் லைட்டில் ஏமாற்றுகிறான், பக்கத்து வீட்டுக்காரி வேண்டுமென்றே கோலத்தை மிதித்துக் கோட்டைக் கலைக்கிறாள், யாரோ வந்து சாமானை இடம் மாற்றி வைக்கிறார்கள் என்று அக்கா அடுக்குகிற புகார்களை நான் நடித்துக் காட்டினால் கடையே சிரிக்கும். அதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். புவனேசன் போன் செய்த மறுநாள் காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போனேன். கேட்கக் கூடாது என்றானே தவிர, சொல்லக் கூடாது என்று சொல்லவில்லையே. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கத்துவாள் என்று பார்த்தால், எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்குத் தெரியும்டா. போன சனிக்கிழமை வந்தான். நாடா வச்சிருந்தான். படியை அளந்தான், நடையை அளந்தான். போன்ல ஒவ்வொரு ரூமா படம் எடுத்தான். எதுக்குடான்னேன். சும்மாம்மான்றான். சும்மா எவன்டா படியை அளப்பான்?"

"அய்யோ."

"இன்னும் கேளு. அதுக்கு முந்துன வியாழக்கிழமை கண்ணாடி மாத்தணும்னு சுங்கைப் பட்டாணிக்குக் கூட்டிட்டுப் போனான். அங்க ஒரு பாரத்தை நீட்டி, இங்க கையெழுத்துப் போடும்மான்னான். என்னா எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டல. போட்டுட்டேன்டா! இத்தனை வயசுல, படிக்காம எதுலயும் கை வைக்காதவ, பெத்த புள்ளைன்னு போட்டுட்டேன்!"

வீட்டு கிராண்டை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருப்பதாக என் காதருகே சொன்னாள். வீட்டுப் பத்திரத்தைத்தான் நாங்கள் கிராண்ட் என்போம். இந்த வீடு போனால் தனக்கு வேறு ஒன்றும் கிடையாது, பிணமாகத்தான் வெளியே எடுக்க வேண்டும் என்றாள். எனக்குப் புவனேசன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"நான் வேலைக்கு முடியாதுன்னு சொல்லிடறேன்க்கா."

"சொன்னா வேற ஆளைக் கொண்டாருவான். நீ ஒத்துக்கோ. வேலையை ஆரம்பி. அவன் வாயைப் பிடுங்கு. எவன்கிட்ட விக்கிறான், எப்பன்னு தெரிஞ்சுக்கோ. வெள்ளைதானே, அடி. அப்பறம் பாத்துக்கலாம்."

அப்படித்தான் நான் ராக்காயி அக்காவின் ஒற்றன் ஆனேன். திங்கட்கிழமை ஹால் சாமானை நடுவில் தள்ளி மூடினேன். ரோஸைத் தேய்த்துச் சீலர் அடித்து வெள்ளையை ஏற்றினேன். அக்கா வழக்கம்போல் நாற்காலியில் இருந்தாள். ஆனால் டின்னில் கோடு போடவில்லை, எத்தனை கோட்டு என்றும் எண்ணவில்லை. மதியம் புவனேசன் போன் செய்தான். வாயைப் பிடுங்கிப் பார்த்தேன்.

"ஏன் தம்பி, விலை பேசியாச்சா?"

"எந்த விலை? அண்ணே, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல கோடு சுத்தமா இருக்கணும். அதான் முக்கியம். நாளைக்கு லீவு போட்டுட்டு வரேன்."

மழுப்புகிறான் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நடையில் அடியில் டேப் ஒட்டிக் கறுப்பை இழுத்தேன். பத்தடி போயிருக்கும். பின்னால் அக்கா வந்து நின்றது தெரிந்தது. குனிந்து, முகத்தைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஈரத்தில் விரலை வைத்து முகர்ந்தாள்.

"தாரு" என்றாள்.

"இல்லக்கா, சாதாரணச் சாயந்தான்."

"மேல வெள்ளை, கீழ தாரு. எனக்குத் தெரியாதா? என் வீட்டை லயமாக்கிட்டீங்களாடா பாவிங்களா!"

அந்தக் கத்தலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வாசலில் காடிச் சத்தம் கேட்டது. புவனேசன் உள்ளே வந்தான். அவனைக் கண்டதும் அவளுக்கு வெறி ஏறிவிட்டது.

"வாடா கிராணி! உங்கப்பனை அன்னைக்கு ஒருத்தன் வெள்ளை அடிக்க வச்சான். இன்னைக்கு நீ எனக்கு அடிக்கிறியா? இது கம்பெனிச் சுவர் இல்லடா, என் சுவர்! ராக்காயி சுவர்!"

சாமி அறையை மட்டும் பழையபடி நீலமாகவே விடச் சொல்லியிருந்தாள் அக்கா; அதற்கு வைத்திருந்த வான நீல டின் ஹால் மூலையில் திறந்து இருந்தது. அதன் பக்கத்திலேயே வெள்ளை டின்னும் இருந்தது. விறுவிறுவென்று போனாள். ரோலரைத் தோய்த்தாள். புது வெள்ளைச் சுவரில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பலங்கொண்ட மட்டும் அடித்தாள். முந்தானை எல்லாம் சாயம். மூச்சு வாங்கியது. பிறகு இரண்டடி பின்னால் வந்து, எங்களைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

"பாருங்கடா! நல்லா பாருங்க! இதான் என் நீலம்!"

நான் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் ஈர வெள்ளை வழிந்துகொண்டிருந்தது. நீல டின்னை அவள் தொடவே இல்லை.

புவனேசன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுகிறான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மற்றதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தானாகவே புரிந்துபோனது. வெளிறிய ரோஸ், லைட்டு, கோலம், கை வைத்து நடக்கும் மணல் சுவர், எல்லாம்.

"ஏன்டா பேச மாட்டேங்கிறீங்க?" என்றாள் அக்கா. அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுவரைத் தொட்டாள், விரலைக் கண்ணருகே கொண்டுபோனாள். "மணியம். நீ சொல்லு. என்னா நிறம் அடிச்சேன்?"

புவனேசன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, நீலம் என்று சொல்லச் சொல்லி வாயசைத்துக் கும்பிட்டான். சொல்லியிருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருடம் ஏமாற்றாதவனுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. சொன்னாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"வெள்ளைக்கா" என்றேன்.

அவள் கையிலிருந்த ரோலர் தரையில் விழுந்தது. நாற்காலி எங்கே என்று கையால் தேடினாள். நான் நகர்த்திக் கொடுத்தேன்.

புவனேசன் அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பல வருடமாக நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறதாம். போன பார்வை திரும்பி வராது. இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்ற வேண்டும், லேசர் வைக்க வேண்டும். அந்தப் பாரம் அதற்குத்தான். வெளிர் நிறம் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும், நீலம் முதலில் போகும், பளபளப்பு கண்ணைக் கூசும். அதனால் வீட்டில் வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு இருக்கட்டும், படி தெரியட்டும், கதவு தெரியட்டும் என்று கண் டாக்டர் சொன்னாராம்.

"சொன்னா நீ படுத்துருவேன்னு சொல்லலம்மா. மணியம் அண்ணன்கிட்டயும் சொல்லல, அவருக்கு ஓட்டவாய்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அக்கா மகன் தலையில் கை வைத்துக் கேட்டாள்.

"அப்போ வீட்டை விக்கலயாடா?"

"எந்த வீட்டைம்மா? யாரு விக்கிறா?"

"விக்கல?"

"இல்லம்மா!"

"சத்தியமா?"

"சத்தியமாம்மா."

அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டாள். கண் போகிறது என்று கேட்டவள் விட்ட மூச்சா அது? அதன் பிறகுதான் அழுதாள். மகனை இரண்டு அறை அறைந்தாள், கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே போய் வாளியைக் கழுவினேன். என் கண்ணும் சரியாகத் தெரியவில்லை.

வெளியே வந்த புவனேசனிடம், தோட்டத்து வெள்ளையும் தாரும் உனக்கு ஞாபகம் வரவில்லையா என்று கேட்டேன்.

"அப்போ எனக்குப் பன்னெண்டு வயசுண்ணே. எல்லா வீடும் அப்படித்தானே இருந்துச்சு. எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

அரை மணி கழித்து அக்கா கூப்பிட்டாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள்.

"கோடு வேணும்னா இருக்கட்டும். தாரு வேணாம். நீலத்துல போடு. எனக்குத் தெரியற அளவுக்குக் கெட்டி நீலம்."

யோகேஸ்வரன் கடைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் மெஷினை விட்டுவிட்டுக் கையாலேயே துளித்துளியாகச் சேர்த்துக் கலக்கினார். நள்ளிரவு வானம் மாதிரி ஒரு நீலம் வந்தது. அடித்தேன். அக்கா நடையில் கை வைக்காமல் நடந்து பார்த்தாள். கோடு தெரிந்தது. படியில் நின்றாள், நான் அடித்திருந்த மஞ்சள் தெரியவில்லை, விளிம்பை நானே அந்த நீலத்தால் மாற்றினேன், அது தெரிந்தது.

"நெசமாவே நீலந்தானா?"

"நீலந்தான்க்கா."

"சாமி முன்னாடி சொல்லு."

சூடம் ஏற்றிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் விட்டாள்.

ஒரு வாரம் இருக்கும். காலையில் போன். எடுத்ததும் வசவு.

"ஏமாத்திட்டியேடா! மீட்டர் பாக்க வந்த மலாய்க்காரப் பையனைக் கேட்டேன். ஹித்தாம் மக்சிக்கின்றான்! கறுப்பாம்! சூடத்து மேல பொய் சத்தியம் பண்ணியிருக்கே, நீ நல்லாயிருப்பியா?"

விழுந்தடித்துக்கொண்டு போனேன். கதவு, சன்னல் எல்லாம் திறந்து வெயிலை உள்ளே விட்டுப் பார்த்தேன். நீலம்தான். கதவைச் சாத்தினால் அந்தப் பையன் சொன்னதும் தப்பில்லை. நடை இருட்டில் கறுப்பாகத்தான் தெரிந்தது. சரிக்கா, இன்னும் கொஞ்சம் வெளுக்க வைத்து அடிக்கிறேன் என்று சொல்ல வந்து, அப்படியே நின்றுவிட்டேன். வெளுத்தால் ஊருக்கு நீலமாகத் தெரியும். அக்காவுக்குக் கோடே தெரியாது. அதை எப்படிச் சொல்வது என்று திணறித் திணறிச் சொன்னேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரிஞ்சா அது கறுப்பு. நீலமா இருந்தா எனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்க்கா."

"சரி. உள்ள இப்படியே இருக்கட்டும். அந்தப் பழைய நீலத்தை வெளிய அடி. முன் சுவருக்கு. துணிக்குப் போடுற நீலம் மாதிரி."

"அது உனக்குத் தெரியாதேக்கா."

"எனக்குத் தெரியணும்னு யாருடா சொன்னா? கிராணிக்குத் தெரியட்டும்."

அந்தக் கிராணி செத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இரண்டு நாள் ஏணி போட்டு, முன் சுவர் முழுக்க மூன்று கோட்டு அடித்தேன். அக்கா டின்னில் தடவித் தடவிக் கரிக்கோடு போட்டாள், எத்தனை கோட்டு என்று எண்ணினாள். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

முடிந்த அன்று சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு, அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நான் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தேன். மோட்டாரில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்தான்.

"சந்தேக் பிருலா, மக்சிக்!" என்று கத்திவிட்டுப் போனான். அழகான நீலம் அத்தை என்று.

"என்னா சொன்னான்?" என்றாள் அக்கா. அவள் காது நன்றாகக் கேட்கும்.

"நீலம் அழகா இருக்காம்க்கா."

அவள் ரோட்டுப் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"டேய் மணியம். நீ சொல்லி வச்சியா அவனுக்கு?"

இல்லையக்கா, சத்தியமாக இல்லை என்றேன்.

அவள் நம்பவில்லை. அடுத்த மோட்டார் வரும் சத்தம் கேட்டதும் என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு, தனியாக உட்கார்ந்து காத்திருந்தாள்.